செலினின் ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ்

செலினின் முதல் பிறந்தநாளுக்கு கவுன் தைக்க அளவெடுத்த அன்றுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது.

நான் தையற்காரி. பெயர் லீமா ரோஸ். வரதராஜன்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளின் அளவு என் நோட்டில் இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தையை அளவெடுத்தால் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டேப்பைப் பிடுங்கும், வாயில் வைக்கும், திமிறும். என் மகள் டேப்பைப் பிடுங்கவில்லை. கட்டைவிரலை உள்ளே வைத்து இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டு என் மடியில் கிடந்தாள். கால்களைப் பிரித்துவிட்டால், கத்திரிக்கோல் மூடுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று வந்து ஏறிக்கொண்டது.

கவுனைத் தைத்து முடித்தேன். ரோஜா நிறம், இரண்டு அடுக்கு. அழகாகத்தான் இருந்தாள். கேக் வெட்டும்போது உட்கார வைக்க முடியாமல் என் கணவர் அருளப்பன் பின்னால் குனிந்து பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் போட்டோவில் அவருடைய இரண்டு கைகள் மட்டும் தெரியும்.

"சில புள்ளைங்க லேட்டாதான் உக்காரும்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. அதையே கேட்டுக்கொண்டு மேலும் ஆறு மாதத்தை ஓட்டிவிட்டோம்.

பிறகுதான் அரியலூருக்குப் பஸ் ஏறினோம். மருத்துவமனை வராந்தாவில் எங்களைப்போலவே பிள்ளையை இடுப்பில் வைத்த பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் இடது பக்கம் இடுப்பைத் தள்ளி நின்றதைப் பார்த்தேன். அது பின்னால் இடுப்புவலியாகும் என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது.

குழந்தைகள் மருத்துவர் செலினைப் புரட்டிப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது பெயர் சொன்னார். மூளை முடக்குவாதம் (பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் இறுகிப்போவது, தொற்றாது, மேற்கொண்டு பரவாது, ஆனால் முழுதாகப் போகவும் போகாது).

"இது உங்க தப்பு இல்லம்மா. அதை மொதல்ல மனசுல வச்சுக்குங்க" என்றார்.

"நடப்பாளா சார்?" என்று என் கணவர் கேட்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற மனிதர். எந்தச் சரிவிலும் கை நடுங்காதவர் என்று பெருமை பேசுவார். அன்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"இப்ப சொல்ல முடியாது. பாதம் தரையில சமமா பதியணும். குதிகால் தூக்கிக்கிட்டே இருந்துச்சுன்னா நிக்கவே முடியாது. அது பதியட்டும், அப்புறம் நடையப் பத்திப் பேசலாம்."

அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். பாதம் பதிய வேண்டும். அவர் லாரியை எடுக்கும்போது அதைத்தான் நினைப்பார், நான் பட்டன் தைக்கும்போதும் அதைத்தான் நினைப்பேன்.

செலினுக்கு மூன்று வயது முடிந்தபோது ஒரு முகாமில் கணுக்கால் தாங்கிக்கு அளவெடுத்தார்கள். (முழங்காலுக்குக் கீழிருந்து பாதம்வரை பின்பக்கமாகத் தாங்கும் பிளாஸ்டிக் உறை, பாதத்தை மேல்நோக்கி மடக்கியே வைத்திருக்கும்.) மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார்கள். ஈரமான கட்டு காலில் சுற்றியபோது செலினுக்குக் கூச்சம். சிரித்துத் தள்ளினாள். அளவெடுத்தவரும் சேர்ந்து சிரித்ததில் ஒரு அச்சு கோணலாகி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு மாதம் கழித்து வெள்ளைத் தாங்கி இரண்டும், அவற்றை நுழைத்துக்கொள்ள ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸும் வந்தன. எங்களிடம் இரண்டு விஷயம் சொன்னார்கள். பகல் முழுதும் போட்டிருக்க வேண்டும். பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதை நாங்கள் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடித்தோம்.

எங்கள் ஊர் செம்மண் பூமி. வாசலில் ஒருநாள் உட்கார்ந்து எழுந்தால் வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்காது. இதுவோ பளபளவென்று புத்தம் புதியது. கடையில் கிடைக்காதது. கெட்டுப்போனால் அடுத்தது எப்போது கிடைக்கும், யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு கல்யாணப் பெண்ணின் ப்ளவுஸில் மிஞ்சிய மெரூன் வெல்வெட் துணியில் அதற்கென்று ஒரு பை தைத்தேன். வாயில் சுருக்குக் கயிறு. உள்ளே இரண்டு பூச்சி உருண்டை. மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது எடுப்போம். மருத்துவமனைக்குப் போகும்போதும் எடுப்போம். வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, மறுபடி பைக்குள் போட்டுவிடுவேன். புதுப்புடவையை நான் அப்படித்தான் வைப்பேன்.

கோயில் வாசலில் எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். "அடியே, செலினுக்கு பூட்ஸ் வந்துடுச்சா! போலீஸ்காரி மாதிரில்ல இருக்கா!" என்பார்கள். செலின் என் இடுப்பில் இருந்தபடியே முகவாயைத் தூக்கிக்கொள்வாள். எனக்கும் தலைகால் புரியாது.

பெரம்பலூரில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் தொடர்ந்து காட்டிவந்தோம். ஒவ்வொரு முறையும் அவர் செலினின் காலில் தாங்கியைப் பார்ப்பார். "போடுறீங்களா?" என்பார். "போடுறோம் சார்" என்பேன். தாங்கியைக் கழற்றி, பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்குவார். மூன்றாம் முறை அவருக்கே குழப்பம் வந்துவிட்டது.

"ஒழுங்கா போட்டும் குதிகால் தசைநாண் இறுகிட்டே போகுது. ஏன்னு புரியல" என்றார். (தசைநாண் என்பது கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு கட்டி வைத்திருக்கும் கயிறு போன்ற பகுதி.) "இப்படியே போனா ஆபரேஷன் பண்ணித்தான் நீளமாக்கணும். மூணு மாசம் பாப்போம். உங்க வட்டாரத்துல வீட்டுக்கே வர்ற பிசியோதெரபிஸ்ட் இருப்பாங்களே, வரச் சொன்னீங்களா?"

அப்படி ஒருவர் வருவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஜெயங்கொண்டம் வட்டார அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் சுபாஷினி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. டவுன் பஸ்ஸில் இறங்கி, தோளில் ஒரு பையோடு, விசாரித்துக்கொண்டே வந்துவிட்டார். வயது என்னைவிடக் குறைவு. அறையெல்லாம் துணி வெட்டிய துண்டுகள். செலின் அவற்றின் நடுவே மல்லாந்து கிடந்து, கலர் கலராகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே வெட்கமாகிவிட்டது.

"செத்த இருங்க மேடம். பூட்ஸ் போட்டு வுட்டுடுறேன்" என்று ஓடிப்போய் ஆணியிலிருந்து பையை எடுத்தேன். சுருக்கை அவிழ்த்தேன். பூச்சி உருண்டை வாசனை அறை முழுதும் பரவியது.

அவர் கையை நீட்டித் தாங்கியை வாங்கினார். உள்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஒட்டுப்பட்டையைப் பிரித்து மூடிப் பார்த்தார்.

"அக்கா, இது வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஒம்போது மாசம் மேடம். சும்மா சொல்லல, ஒரு கீறல் வுழல."

"அதான் பாத்தேன். உள்ள கால் தடமே இல்லையே."

தினமும் போட்டால் ஒன்பது மாதத்தில் உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதியில் வியர்வை பட்டுக் கறுத்து, குதிகாலும் விரல்களும் பதிந்திருக்குமாம். இதில் ஒன்றுமே இல்லை. நான் இன்னும் பெருமை குறையாமல் சொன்னேன்: "ஞாயித்துக்கெழம ஒண்ணு விடாம போடுவோம் மேடம். ஆஸ்பத்திரிக்கும் போடாம போனதில்ல."

அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. துணித்துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் செலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மிஷினில் நான் ஊசி குத்தி வைத்திருந்த பாவாடை மடிப்பைக் காட்டினார்.

"இந்த மடிப்புக்கு எதுக்குக்கா ஊசி?"

"தைக்கிற வரைக்கும் கலையாம நிக்கணும்ல."

"வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் குத்தி வச்சுட்டு எடுத்துட்டா?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தவுடன் முதலில் வந்தது கோபம்தான். நேற்று வந்த பெண், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் தொழிலை எடுத்து எனக்கே சொல்கிறாளே என்று கோபம். அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். செலின் பயந்துபோய் என் முழங்காலில் தட்டினாள்.

"ஏங்க்கா போடல?" என்று சுபாஷினி கேட்டார். கேட்ட விதத்தில் குற்றச்சாட்டு இல்லை. காரணம் தெரிய வேண்டும் என்று கேட்டார்.

"மண்ணாயிடும் மேடம். ஒடஞ்சா அடுத்தத யாரு தருவா?"

"தேஞ்சு போனா, பத்தாம போனா, அடுத்ததுக்கு எழுதி வாங்கறது என் வேலை. தேய வைக்கிறது உங்க வேலை. சரியா?"

அதுவரை எங்களுக்கு எவ்வளவோ பேர் உதவியிருக்கிறார்கள். அடையாள அட்டைக்கு, உதவித்தொகைக்கு, பஸ் சலுகைக்கு எல்லாம் வழி காட்டினார்கள். அதையெல்லாம் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் என் கவலையில் பாதியைத் தன் வேலை என்று எடுத்துக்கொண்டவர் சுபாஷினிதான்.

மாலையில் லாரியை விட்டு இறங்கிய கணவரிடம் சொன்னேன். "அப்ப நாமளே கெடுத்துட்டமா?" என்றார். போய் அந்த ஆணியைப் பிடுங்கினார். சுவரில் கொஞ்சம் காரையும் பெயர்ந்து வந்தது.

மறுநாள் புதன்கிழமை. காலையில் தாங்கியைப் போட உட்கார்ந்தால் செலின் காலை உதைத்துக்கொண்டாள். அவளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் முழுதும் வேலை செய்யும்.

"இன்னிக்கு... கோயில்... இல்ல" என்றாள்.

"இல்லதான்டி. இனிமே தெனமும் போடணும்."

"நீ... நல்ல சேல... கட்டல."

நியாயம்தானே. பூட்ஸ் என்றால் பூசை, பூசை என்றால் அம்மாவுக்கு நல்ல சேலை, அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை. ஒன்பது மாதமாக நாங்கள்தான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்து, நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். செலின் காலை நீட்டினாள்.

ஒரு மாதத்துக்குமேல் இந்தக் கூத்து நடந்தது. ப்ளவுஸ் வாங்க வந்தவர்கள் "என்ன லீமா, விசேஷமா?" என்பார்கள். "ஆமாங்க, செலின் பூட்ஸ் போட்டிருக்கா" என்பேன். என் கணவர் வெள்ளைச் சட்டையில் கல் ஏற்றப் போனார். குவாரியில் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சேலை நைந்தது. சட்டை காவி நிறமானது. அவற்றைத் தேய்த்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

சிரிப்பாகவே எல்லாம் போய்விடவில்லை. முதல் வாரம் அரை மணி நேரத்திலேயே "எடும்மா, எடு" என்று அழுவாள். கழற்றினால் கணுக்காலில் சிவந்திருக்கும். பார்க்கப் பொறுக்காது. சுபாஷினியிடம் கேட்டேன். கழற்றியபின் கொஞ்ச நேரத்தில் சிவப்பு மறைந்தால் பயமில்லை, இருபது நிமிடத்துக்குமேல் நின்றாலோ தோல் உரிந்தாலோ தாங்கியைச் சரிசெய்ய வேண்டும் என்றார். அதிலிருந்து செலின் அழுதால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள். இரண்டு பேரும் கண்ணீரோடு முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. சில நாள் தோற்றுப்போய்ச் சீக்கிரமே கழற்றியும் விட்டேன். அதையும் சுபாஷினியிடம் மறைக்கவில்லை.

வெல்வெட் பையை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, செலினுக்கு முழங்கால் உறை தைத்தேன். மண்டியிட்டு நிற்கப் பழக அது உதவியது. கணவர் சவுக்குக் கம்பு வாங்கிவந்து, வாசலில் செலினின் இடுப்பு உயரத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடியாக நட்டுக் கட்டினார். லாரிக்கு பெயின்ட் அடிப்பவரைக் கூப்பிட்டு அதற்கு மஞ்சள் அடித்து, 'மெதுவாகச் செல்லவும்' என்று எழுதவும் வைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். செலினுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

சுபாஷினி இன்னொன்றும் செய்தார். ஒருநாள் செலினை விட்டுவிட்டு என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். "நேரா நில்லுங்கக்கா." நேராகத்தான் நின்றேன். "இல்ல, இடுப்பு இடது பக்கம் போயிருக்கு பாருங்க." ஊராரின் உடம்பை எல்லாம் அளக்கிற எனக்கு என் தோள் ஒன்று இறங்கியிருந்தது தெரியவில்லை. முதுகுக்கும் இடுப்புக்குமாக எனக்கும் சில பயிற்சிகள் கொடுத்தார். பிள்ளையைத் தூக்குகிறவர்களே, உங்கள் உடம்பையும் யாரிடமாவது காட்டுங்கள். நாம் சாய்ந்தால் அவர்களைப் பிடிக்க ஆள் இல்லை.

மூன்று மாதம் முடிந்து பெரம்பலூர் போனோம். மருத்துவர் இடது பாதத்தை அழுத்தினார். பதிந்தது. வலது பாதத்தை அழுத்தினார். முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. வலது காலுக்கு மட்டும் ஆபரேஷன் தேவை என்றார்.

அன்று அவரிடம் வெல்வெட் பையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேனாவை வைத்துவிட்டு முழுதும் கேட்டுக்கொண்டார்.

"முன்னாடியே போட்டிருந்தா ஆபரேஷன் வேண்டியிருந்திருக்காதா சார்?" என்றேன்.

"இருக்கலாம். போட்டிருந்தாலும் வேண்டி வந்திருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு, "நானும் 'போடுறீங்களா'ன்னு மட்டும் கேட்டுட்டு விட்டுட்டேன். இனிமே எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி நேரம்னு கேப்பேன்" என்று சிரித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கட்டோடு இருந்தாள். அந்தக் கட்டில் தெருப் பிள்ளைகள் எல்லாம் பெயர் எழுதினார்கள். கட்டைப் பிரித்தபோது உள்ளே கால் குச்சியாக இருந்தது. அந்த ஒன்பது மாதத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அதை வைத்துக்கொண்டே வேலை பார்க்கப் பழகிவிட்டேன்.

இப்போது மாதம் ஒருமுறை ஜெயங்கொண்டத்தில் எங்களைப் போன்ற பெற்றோர்கள் கூடுகிறோம். மீன்சுருட்டியிலிருந்து வரும் ஒரு அம்மாவின் மகனுக்குச் சக்கர நாற்காலி கிடைத்து நான்கு மாதமாகியும் இருக்கையின் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே வைத்திருந்தார். பையன் முதுகெல்லாம் வேர்க்குரு. "அழுக்காயிடும்ல" என்றார். நான் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கவரைக் கிழித்தோம்.

இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களே, உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். யாரையாவது உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வட்டாரத்தில் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டு, விடாமல் கேட்டு வரவையுங்கள். மருத்துவமனைக்கு நாம் நல்ல உடுப்பில் போகிறோம். வீட்டில்தான் ஆணியில் தொங்குவது தெரியும்.

செலினுக்கு இப்போது ஒன்பது வயது நடக்கிறது. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலிலிருந்து வகுப்புவரை அவளே போகிறாள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் ஆகிற தூரத்துக்கு அவளுக்குப் பத்து நிமிடம் ஆகும். முன்பெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் பாய்ந்துபோய்த் தூக்கிவிடத் தோன்றும். இப்போது தோன்றுவதில்லை. பின்னால் மெதுவாக நடக்கிறேன். வழியில் எந்த மரத்தில் என்ன பூ பூத்திருக்கிறது என்றெல்லாம் இப்போதுதான் பார்க்கிறேன். பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கும்போதுகூட என் இடுப்பு தானாக இடது பக்கம் போகிறது. அங்கே ஆள் இல்லை என்பது அதற்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் செலினின் புதுநன்மைக்கு (எங்கள் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்) வெள்ளைக் கவுன் தைக்க அளவெடுத்தேன். இத்தனை வருடமும் அவளை மடியிலோ பாயிலோ கிடத்தித்தான் அளந்திருக்கிறேன். இந்த முறை மஞ்சள் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கீழே உட்கார்ந்து, அவள் தோளிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டேன். அது தரையைத் தொட்டது.

"பாதம் மூடுற மாதிரி தைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். பூட்ஸ்... தெரியணும்."

"அது தேஞ்சுபோயிருக்குடி. மூக்கெல்லாம் செம்மண்ணு."

"தெரியணும்" என்றாள். ஒரு கையைக் கம்பிலிருந்து எடுத்து, என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

நோட்டை எடுத்து, கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே என்று குறித்தேன். அதற்கு மேல், பெயர் போடும் இடத்தில், இப்படி எழுதினேன்: செலின், நின்ற அளவு.